சரக்கறையில் ஆயிரம், மடியில் ஒன்று

2018 டிசம்பரில், அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்துக்கு ஒரு கல்லூரி மாணவி வந்தாள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறாள். கையில் சிறிய டப்பா, டப்பாவுக்குள் ஒரு ஃபைட்டர் மீன். நாய், பூனை தவிர வேறு பிராணிகளுக்கு இந்த விமானத்தில் இடமில்லை என்று டிக்கெட் கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். மீனை விட்டுவிட்டுத்தான் அவள் ஊர் போய்ச் சேர்ந்தாள். செய்தி பரவியதும் வழக்கமான சண்டை தொடங்கியது. மீன்தானே என்று ஒரு கட்சி, மீன் என்றால் உயிரில்லையா என்று இன்னொரு கட்சி. அந்த இரைச்சலில் ஒரு வேடிக்கை யார் கண்ணிலும் படவில்லை. அதே கட்டடத்தில் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்த பாதுகாப்புச் சோதனை அதிகாரிகள், விதிப்படி அந்த மீனை உள்ளே விட்டிருப்பார்கள்.

விமானப் பயணத்தில் தண்ணீர் சந்தேகத்துக்குரிய பொருளாகிப் பல வருடங்களாகிவிட்டன. 2006 ஆகஸ்டில் லண்டனில் ஒரு சதி அம்பலமானது. குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருளை எடுத்துப்போய் அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் தகர்ப்பது திட்டம். அதன்பிறகு வந்ததுதான் 100 மில்லி விதி. பாதி குடித்த தண்ணீர் பாட்டில், தேங்காய் எண்ணெய், அம்மா கட்டிக்கொடுத்த மாங்காய் ஊறுகாய் என்று எத்தனையோ பொருட்கள் சோதனைச் சாவடியின் குப்பைக்கூடையில் முடிந்துபோயின. ஆனால் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் உயிருள்ள மீனுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. உள்ளே இருப்பது தெரியும்படியான பாத்திரத்தில், நீரில் இருக்கும் உயிர்மீனை, அதிகாரி பார்த்துச் சோதித்தபின் கையில் எடுத்துப் போகலாம். சரக்கறைக்குப் போகும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். தனியாக வரும் ஒரு லிட்டர் தண்ணீரை அவர்கள் நம்புவதில்லை. அதில் ஒரு மீன் துடுப்பசைத்தால் நம்புகிறார்கள். வீட்டுக் கிணற்றில் நாலு மீனை விட்டுவைத்து, அவை ஓடுவதைப் பார்த்து நீரின் நலத்தைத் தெரிந்துகொண்ட தலைமுறைக்கு இந்தத் தர்க்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பு வாசல் திறந்தாலும் விமான நிறுவனத்தின் வாசல் திறப்பதில்லை. செல்லப் பிராணி என்றால் நாய், பூனை, சில நிறுவனங்களில் கூண்டுப் பறவை என்பதோடு பெரும்பாலான இடங்களில் பட்டியல் முடிந்துவிடும். இந்தியாவிலும் இதே கதைதான். 2022இல் பயணிகள் அறைக்குள் செல்லப் பிராணிகளை ஏற்கத் தொடங்கிய ஆகாசா ஏர், நாயையும் பூனையையும்தான் ஏற்றது. மீனுக்குத் தடை என்று எழுதிவைக்கக்கூட பல நிறுவனங்கள் மெனக்கெடவில்லை. பட்டியலில் இல்லாதது வர முடியாது. கவுன்டரில் நிற்பவரின் மனநிலையைப் பொறுத்து ஒரு நாள் போய்விடலாம், மறுநாள் திரும்பி வர வேண்டியிருக்கலாம்.

இத்தனைக்கும் மீனைப்போல் விமானம் ஏறிய வளர்ப்புப் பிராணி வேறெதுவும் கிடையாது. நாடு தாண்டும் வண்ண மீன் வியாபாரம் பெரும்பாலும் விமானத்தை நம்பியே நடக்கிறது. சிங்கப்பூர் இந்த ஏற்றுமதியில் நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கும் நாடு. இலங்கையிலிருந்து பண்ணைக் கப்பிகளும் பவளப்பாறைக் கடல்மீன்களும் பெட்டி பெட்டியாகப் பறக்கின்றன. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் விலங்குகளுக்கென்றே ஒரு தனிக் கூடம் இயங்குகிறது. அங்கே வந்து போகும் குதிரைகளை ஆயிரங்களில் எண்ணலாம், மீன்களைக் கோடிகளில்தான் எண்ண வேண்டும். டென்வர் மாணவியின் தொட்டிக்கும் அந்த ஃபைட்டர் பறந்தே வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஃபைட்டர்கள் பெருமளவில் வளர்க்கப்படும் தாய்லாந்து, 2019இல் அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அங்கிருந்து அமெரிக்கா வரை சரக்காகப் பறந்துவரும் மீன், ஒரு பெயர் வைத்ததும் பக்கத்து மாநிலத்துக்குப் பறக்கும் தகுதியை இழந்துவிடுகிறது.

சரக்காகப் போகும் மீனுக்கு வழி எப்படிக் கிடைக்கிறது என்று பார்க்கக் கொளத்தூர் போனால் போதும். வடசென்னையின் இந்தப் பகுதி இந்தியாவின் பெரிய வண்ண மீன் சந்தைகளில் ஒன்று. சுற்றுவட்டாரத்திலும் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களிலும் கொல்லைப்புறச் சிமென்ட் தொட்டிகளிலும் மண்குளங்களிலும் வளர்ந்த கப்பி, மோலி, ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் எல்லாம் இங்கே வந்து சேர்ந்து, இங்கிருந்து பிரிந்து போகின்றன. கடைகளின் முன்பக்கத்தில் ஃபைட்டர் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். பக்கத்து ஆண்மீனைப் பார்த்துச் சிலிர்த்துச் சோர்ந்துபோகாமலிருக்க இடையிடையே அட்டை செருகியிருப்பார்கள். வேலை நடப்பது பின்கட்டில்.

பாலிதீன் கவரின் அடிமூலைகள் இரண்டையும் முதலில் ரப்பர் பேண்டால் கட்டிவிடுகிறார்கள். கூரான மூலைக்குள் சின்ன மீன் ஒதுங்கி, திரும்ப வழியில்லாமல் அங்கேயே செத்துப்போகும் என்பதை இத்தொழிலில் முதல் வாரமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். மீன் இறங்கியதும் கவரின் வாயைக் குவித்து உள்ளிருக்கும் காற்றையெல்லாம் அமுக்கி வெளியேற்றுவார்கள். சிலிண்டர் குழாயை உள்ளே விட்டு ஆக்சிஜன் அடித்து, கழுத்தை முறுக்கி, மடித்து, ரப்பர் பேண்டை நாலைந்து சுற்றுச் சுற்றினால் ஒரு கவர் முடிந்தது. அதைத் தலைகீழாக இன்னொரு கவருக்குள் நுழைப்பார்கள். முள்ளுள்ள மீனென்றால் இரண்டு கவருக்கும் நடுவே பழைய செய்தித்தாள். தாள் கிழிசலையும் தடுக்கும், வெளிச்சத்தையும் மறைக்கும். இருட்டில் மீன் அடங்கியிருக்கும். கடைசியில் தெர்மாகோல் பெட்டி, கோடைக்காலமானால் பெட்டிக்குள் ஐஸ். ஒரு கவருக்குச் சில நிமிடங்கூட ஆவதில்லை. செய்பவரின் விரல்கள் பார்க்காமலே வேலை செய்கின்றன.

ஃபைட்டர் விஷயத்தில் கணக்கு கொஞ்சம் மாறும். அதற்குச் செவுளோடு கூடுதலாக ஒரு மூச்சுறுப்பு இருக்கிறது. மேலே வந்து வெளிக்காற்றை விழுங்கிச் சுவாசிக்கும். வயலிலும் சேற்றுக்குட்டையிலும் வாழ்ந்த வம்சம். அதனால் கையளவு நீரில், நீருக்கு மேலே காற்று இருந்தால், நீண்டதூரம் தாக்குப்பிடிக்கும். ஆக்சிஜனுக்குப் பதில் சாதாரணக் காற்றையே அடைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. விமானத்தில் மீனைக் கையில் எடுத்துப் போக நினைப்பவர்களில் பெரும்பாலோர் ஃபைட்டர் வளர்ப்பவர்களாக இருப்பது தற்செயல் இல்லை.

கவருக்குள் மீனைக் கொல்வது மூச்சுத்திணறல் என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். ஆக்சிஜன் பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கும். ஆபத்து மீனின் கழிவில் இருக்கிறது. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டேயிருக்கிறது. தொட்டியில் ஃபில்டரும் நுண்ணுயிர்களும் அதைப் பார்த்துக்கொள்ளும். மூடிய கவரில் அதற்குப் போக்கிடம் இல்லை. பயணத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்பிருந்து மீனைப் பட்டினி போடுவது இதனால்தான். பாசத்தால் கிளம்பும் முன் நாலு மணி தீனி கூடுதலாகப் போடுகிறவர், அந்த மீனின் குளியல் நீரில் விஷம் கலக்கிறார்.

இங்கே இயற்கை ஒரு கைகொடுக்கிறது. மூச்சு விடும்போது மீன் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. அது நீரில் கரைந்து நீரைச் சற்றே அமிலமாக்குகிறது. அமில நீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற, அவ்வளவு தீங்கில்லாத வடிவத்தில் கிடக்கும். 25 டிகிரி வெப்பத்தில், நீரின் பிஎச் 7 என்றால் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. பிஎச் 8 ஆனால் அதுவே ஐந்து பங்கைத் தாண்டும். ஆக, மீனின் ஒரு கழிவு இன்னொரு கழிவின் கடுமையைத் தணித்துக்கொண்டே வருகிறது. பல மணி நேரம் தாக்குப்பிடித்த மீன் வீடு வந்த பிறகு சாவதன் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. ஊர் வந்ததும் ஆசையாகக் கவரைப் பிரித்து, பார்த்து ரசித்து, போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். திறந்த கவரிலிருந்து கரியமில வாயு வெளியேறும், பிஎச் ஏறும், இதுவரை சாதுவாகக் கிடந்த அம்மோனியம் அம்மோனியாவாக மாறும். கவரை மூடியபடியே தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் பிரித்து, பழைய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டுவிட வேண்டும் என்று கடைக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை.

அடுத்தது உயரம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்கப்பட்டிருக்கும். ஊட்டியைவிடச் சற்று மேலே என்று வைத்துக்கொள்ளலாம். மலைப்பாதையில் ஏறும் பேருந்தில் சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதே, அதேபோல் மீன் கவரும் உப்பும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதனால் விமானத்துக்கான கவரைக் கல்போல இறுக்கி அடிக்க மாட்டார்கள். தொட்டால் கொஞ்சம் நெகிழ வேண்டும். மீனுக்குள்ளும் ஒரு காற்றுப்பை இருக்கிறது. நீரில் மேலும் கீழும் நிலைகொள்ள உதவும் அந்தப் பையும் விரியும். கோல்டு ஃபிஷ், கெண்டை வகைகளுக்கு அந்தப் பையிலிருந்து தொண்டைக்கு வழி உண்டு. அதிகக் காற்றை ஏப்பமாக விட்டுவிடும். ஏஞ்சல், ஆஸ்கர் போன்றவற்றுக்கு அந்த வழி மூடியிருக்கும். ரத்தத்தின் வழியே மெல்ல மெல்லத்தான் குறைக்க முடியும். பயப்பட வேண்டிய அளவு இல்லை. பத்து மீட்டர் நீருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது கணக்கு. விமானம் ஏறும்போது குறைவது அதில் கால்பங்கு. அதாவது ஒரு மீன் இரண்டரை மீட்டர் ஆழத்திலிருந்து நீர்மட்டத்துக்கு வந்த மாதிரி. கிணற்று மீனுக்கு அது அன்றாட வேலை.

வானில் மீனைக் கொண்டுபோன வரலாற்றில் நியான் டெட்ராவுக்குத் தனியிடம் உண்டு. சிவப்பும் நீலமும் மின்னும் இந்தச் சிறு மீன் 1930களின் நடுவில் அமேசான் காட்டிலிருந்து ஐரோப்பா வந்து சேர்ந்தது. 1936இல் ஜெர்மனியிலிருந்து ஹிண்டன்பர்க் என்ற பிரம்மாண்டமான ஆகாயக் கப்பலில் ஏறி அமெரிக்கா போனது. மறுவருடம் மே மாதம் தரையிறங்கும்போது தீப்பற்றி எரிந்ததே, அதே ஹிண்டன்பர்க். நியூயார்க்கிலிருந்து சிகாகோவின் ஷெட் அக்வேரியத்துக்குச் சில நியான்களை விமானத்தில் அனுப்பினார்கள். ஒன்றே ஒன்று பிழைத்தது. 1927இல் அட்லாண்டிக்கைத் தனியாளாகப் பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்கின் நினைவாக அதற்கு ‘லோன்லி லிண்டி’ என்று பெயர் வைத்தார்கள். விமானத்தில் பறந்ததால் பெயர் வாங்கிய முதல் மீன் அதுவாகத்தான் இருக்கும். கூட வந்தவை செத்ததால் கிடைத்த பெயர் என்பதை அந்த விளம்பரத்தில் யாரும் பெரிதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே அமேசான் படுகையில், ரியோ நீக்ரோ ஆற்றங்கரையில் பார்சிலோஸ் என்ற ஊர் இருக்கிறது. நியானின் நெருங்கிய உறவான கார்டினல் டெட்ராவைச் சின்னஞ்சிறு படகுகளில் போய்ப் பிடிப்பது அவ்வூர்க்காரர்களின் தொழில். ஊர்த் திருவிழாவே வண்ண மீன் திருவிழா. கார்டினல் என்று ஒரு அணி, டிஸ்கஸ் என்று ஒரு அணி, இரண்டுக்கும் போட்டி. மீன் மனாவுஸ் நகரத்துக்குப் படகில் போய் அங்கிருந்து விமானம் ஏறும். வெள்ளம் வடியும் காலத்தில் ஏராளமாக இயற்கையாகவே மடிந்துபோகும் மீன் இது. பிடித்து விற்பதால் ஊருக்கு வருமானம் வருகிறது, காட்டை வெட்டி வேறு பிழைப்புத் தேட வேண்டியிருப்பதில்லை. ஒரு மீனை வாங்கு, ஒரு மரத்தைக் காப்பாற்று என்று அங்கே இயங்கும் ‘புரொஜெக்ட் பியாபா’ சொல்லி வருவதன் பொருள் இதுதான். சரக்கறை மீன்களைப் பற்றிப் பேசும்போது கண்ணீர் மட்டும் விட்டால் போதாது என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய பணமிருந்தால் எந்த மீனும் பறக்கும். 2005இல் அமெரிக்காவின் ஜார்ஜியா அக்வேரியம், தைவானிலிருந்து ரால்ஃப், நார்ட்டன் என்ற இரண்டு திமிங்கலச் சுறாக்களை யுபிஎஸ் நிறுவனத்தின் ஜம்போ விமானத்தில் அட்லாண்டாவுக்குக் கொண்டுவந்தது. உலகின் மிகப் பெரிய மீன் இனம். பயணம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். இரண்டும் 2007இல் இறந்துபோயின.

விண்வெளிக்கும் மீன் கவரில்தான் போனது. 1973இல் ஸ்கைலேப் ஆய்வுக்கூடத்துக்கு மம்மிச்சாக் என்ற சிறு மீன்கள் இரண்டையும் ஐம்பது முட்டைகளையும் நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் அனுப்பினார்கள். மேல், கீழ் என்று ஒன்றில்லாத இடத்தில் அவை வட்டமடித்து வட்டமடித்து நீந்தின. சுமார் மூன்று வாரத்தில் வெளிச்சம் வரும் பக்கத்தை மேல் என்று வைத்துக்கொண்டு ஒழுங்காக நீந்தப் பழகிவிட்டன. அங்கேயே பொரித்த குஞ்சுகளுக்கு அந்தத் தடுமாற்றம்கூட இல்லை. 1994இல் கொலம்பியா விண்கலத்தில் போன நான்கு மெடாக்கா மீன்கள் ஒரு படி மேலே போய், விண்வெளியில் இணைசேர்ந்து முட்டையிட்டு, எட்டுக் குஞ்சுகளையும் அங்கேயே கண்டன. எடையற்ற வெளியில் இனப்பெருக்கம் செய்த முதல் முதுகெலும்பிகள் அவை.

மீனுக்குப் பறப்பதில் பிரச்சினை இருப்பதாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1956 முதல் மலைஏரிகளுக்கு டிரவுட் குஞ்சுகளை விமானத்திலிருந்து தண்ணீரோடு கொட்டுகிறார்கள். விரல் நீளத்துக்கும் குறைவான குஞ்சுகள் சருகுபோல் இறங்கி ஏரியில் விழுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிழைப்பதாக வனஉயிர்த் துறை சொல்கிறது. டிக்கெட்டே எடுக்காத பயணமும் உண்டு. புதிதாக வெட்டிய குளத்தில், யாரும் விடாமலே, இரண்டு மழைக்குப் பிறகு மீன் எப்படி வந்தது என்று கிராமத்தில் கேட்பார்கள். 2020இல் ஹங்கேரியில் நடந்த ஓர் ஆய்வில் வாத்துகளுக்குக் கெண்டை முட்டைகளைத் தின்னக் கொடுத்தார்கள். ஆயிரத்தில் இரண்டு போல, வாத்தின் குடலைத் தாண்டி எச்சத்தோடு முழுசாக வெளியே வந்தன. அவற்றிலிருந்து குஞ்சும் பொரித்தது. ஒரு மீன் இடும் முட்டைகள் லட்சக்கணக்கில் என்பதால் இந்தச் சிறு விகிதமே ஒரு குளத்துக்குப் போதும். ஆப்பிரிக்காவின் சில கில்லி மீன்கள் இன்னும் கெட்டி. குட்டை வற்றினால் முட்டைகள் ஈரமண்ணில் மாதக்கணக்கில் காத்துக்கிடக்கும். அவற்றை வளர்ப்பவர்கள் ஈரத் தென்னைநார்த்தூளில் முட்டையை வைத்து, உறையிலிட்டுத் தபாலில் அனுப்பிவிடுகிறார்கள்.

ஆக, மீனின் உடம்பு தடையில்லை. இந்த உடம்போடு வரும் பிற விஷயங்களுக்குத்தான் தேசங்கள் அஞ்சுகின்றன, அந்த அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. 2005 ஜூனில் சிங்கப்பூரிலிருந்து மெல்போர்ன் வந்திறங்கிய ஒரு பெண்ணின் இடுப்புப் பக்கத்திலிருந்து துள்ளும் சத்தம் கேட்பதைச் சுங்க அதிகாரிகள் கவனித்தார்கள். பாவாடைக்குள் பிரத்தியேகமாகத் தைத்த ஏப்ரனில் நீர் நிரப்பிய பதினைந்து கவர்கள். கவர்களில் 51 மீன்கள். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் ஒரு கவர் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத எத்தனை வருகிறது என்று நினைத்தால் சிரிப்பு அடங்கும். 1998இல் இஸ்ரேலில் கண்டறியப்பட்ட கொய் ஹெர்பிஸ் வைரஸ், மீன் வியாபாரத்தோடு நாடு நாடாகப் பரவி, 2003இல் ஜப்பானின் கசுமிகௌரா ஏரியில் கெண்டைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. தமிழ்நாட்டின் இறால் பண்ணைக்காரர்களுக்கு இந்த விஷயம் அனுபவப் பாடம். வெள்ளைப்புள்ளி நோய் பண்ணைகளையே கவிழ்த்த காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். அதனால்தான் 2009 முதல் அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வரும் வன்னாமெய் தாய் இறால்கள் சென்னையில் இறங்கியதும் பண்ணைக்குப் போவதில்லை. நீலாங்கரையில் உள்ள நீர்வாழ் உயிரினத் தனிமைப்படுத்தும் நிலையத்தில் தங்கி, சோதனை முடிந்தபின்தான் குஞ்சுபொரிப்பகத்துக்குப் போகின்றன.

சரக்கு மீனுக்கு வழி இருப்பதும் செல்ல மீனுக்கு இல்லாததும் இங்கேதான் வந்து சேருகின்றன. சரக்கு என்றால் உரிமம், சுகாதாரச் சான்றிதழ், பெறுநர் முகவரி, சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் உயிர்விலங்கு விதிகளின்படி கட்டிய பெட்டி என்று ஒரு காகிதச் சங்கிலி பின்னால் வரும். ஆயிரம் மீனுக்கு இந்தச் செலவைப் பங்கிட்டால் ஒரு மீனுக்குச் சில காசுதான். ஒரே மீனுக்கு இதையெல்லாம் செய்யப் போனால் மீன் வாங்கிய விலையைப்போல் பல நூறு மடங்கு ஆகும். ஐம்பது ரூபாய் ஃபைட்டருக்கா என்று கேட்பார்கள். தெருநாயை எடுத்து வளர்த்து, வெளிநாடு போகும்போது லட்சம் செலவழித்துக் கூட்டிப்போகிறவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. விலை கேட்கப்படுவது மீனிடம் மட்டுந்தான், அது நியாயமும் இல்லை. ஒரு மாணவி விடுதி அறையில் ஒரு வருடம் தினமும் தீனி போட்டு, தண்ணீர் மாற்றி, கண்ணாடிக்கு அருகே விரலை வைத்தால் ஓடிவரும் உயிரோடு கழித்திருக்கிறாள். உள்நாட்டுப் பயணத்தில், எல்லையோ தனிமைப்படுத்தலோ இல்லாத இடத்தில், காலடியில் வைக்கும் ஒரு டப்பாவை மறுப்பதற்கு விமான நிறுவனங்களிடம் நல்ல காரணம் ஒன்றும் இல்லை. குரைக்காது, ரோமம் உதிராது, பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒவ்வாமை வராது. கொட்டினால் ஒரு டம்ளர் தண்ணீர்.

மீனின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். 2003இல் லின் ஸ்னெடன் என்ற உயிரியலாளர் ரெயின்போ டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலத்தையும் தேனீ விஷத்தையும் செலுத்திப் பார்த்தார். அவை உடலை ஆட்டின, உதட்டைக் கற்களில் தேய்த்தன, தீனியைத் தவிர்த்தன. மீனுக்கு வலி உண்டா என்ற வாதம் இன்னும் ஓயவில்லையென்றாலும், ஒன்றுமே தெரியாத ஜந்து என்று சொல்வது அதன்பிறகு கடினமாகிவிட்டது. நாய்க்குத் தன் மனிதரோடு போவதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. மீனுக்கு அதன் தொட்டிதான் ஊர். அந்த வெப்பம், அந்த பிஎச், ஒளிந்துகொள்ளும் அந்தச் சட்டித்துண்டு. இருபது மணி நேரக் கவர் பயணம் அதற்கு எதையும் தருவதில்லை. போகிறவரின் மனசுக்குத்தான் தருகிறது. அதற்காகப் பயணத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் யாருக்காகப் போகிறோம் என்பது தெரிந்திருப்பது நல்லது. உள்ளூரில் இரண்டு மணி நேரப் பறப்பு என்றால், நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, பட்டினி போட்டு, மூடி இறுகிய டப்பாவில் கொண்டுபோகலாம். கடல் தாண்டும் பயணமென்றால் விட்டுவிட்டுப் போவதே மீனுக்கு நல்லது.

விட்டுவிட்டுப் போவது என்றால் எங்கே என்பதில்தான் நம்மூரில் கோளாறு நடக்கிறது. வீடு மாறும்போது, வேலை கிடைத்து வெளிநாடு கிளம்பும்போது, பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டபோது, புண்ணியம் என்று நினைத்துத் தொட்டி மீனைப் பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தொட்டியின் பாசியைத் தின்னட்டும் என்று ‘டேங்க் கிளீனர்’ என்ற பெயரில் விற்கப்படும் சக்கர் மீனின் பூர்வீகம் தென்னமெரிக்கா. இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆந்திரத்திலும் ஏரி, ஆறுகளில் அது பெருகிக் கிடக்கிறது. முள்ளும் கவசமும் கொண்ட உடம்பால் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது, கரையில் வளை தோண்டுகிறது, வாங்க ஆளில்லை. அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 1985இல் முதன்முதலில் தென்பட்ட லயன் ஃபிஷ், தொட்டிகளிலிருந்து தப்பியதோ தப்பவிடப்பட்டதோ, இன்று கரீபியன் கடல் முழுக்கப் பரவி அங்குள்ள மீன்குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது. இவை எல்லாமே ஒரு காலத்தில் கவரில் விமானம் ஏறி வந்த மீன்கள்.

கிளம்பும் முன் தொட்டியோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். தீனி எவ்வளவு, தண்ணீர் எப்போது மாற்ற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் வாங்கிய கடைக்காரரிடமே திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். காசு கேட்காமல் கொடுத்தால் மறுப்பவர் குறைவு. ஏரியிலும் கிணற்றிலும் மட்டும் விடாதீர்கள்.